பெரிய பம்பைக் கழற்றும் முன், சின்ன பம்பைக் கவனியுங்கள்!

டிராக்டரில் டீசல் அழுத்தம்: வீட்டிலேயே என்ன பார்க்கலாம், எதைத் தொடக் கூடாது?

'சும்மா நிற்கும்போது நன்றாக ஓடுகிறது. ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கினால் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது.' உழவுப் பருவம் தொடங்கியதும் விவசாயிகள் அடிக்கடி சொல்லும் புகார் இது. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: 'பம்ப் போச்சு, கழற்றி டவுனுக்கு அனுப்பணும்.' பம்பைக் கழற்றி, அனுப்பி, திரும்ப வாங்கி மாட்ட நான்கைந்து நாள் ஆகிவிடும். செலவும் ஆயிரக்கணக்கில் போகும். அதற்குள் வயலில் ஈரம் காய்ந்துவிடும். வாடகை உழவுக்குப் போகிறவர் என்றால் அந்த நாட்களின் வருமானமும் போச்சு.

இப்படிக் கழற்றப்படும் பம்புகளில் பல, பழுதில்லாத பம்புகள். பழுது அதற்கு முன்னால், டீசல் வரும் வழியில் இருக்கும். டேங்க் மூடியில் அடைபட்ட ஒரு சிறு துளை, மாற்றாமல் விட்ட ஒரு பில்டர், தேய்ந்துபோன ஒரு காப்பர் வாஷர் என்று சில நூறு ரூபாய்க்குள் முடியும் விஷயம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெக்கானிக் படிப்பு தேவையில்லை. டீசல் எப்படிப் போகிறது, எங்கே எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஒரே இன்ஜினில் இரண்டு அழுத்தங்கள்

டீசல் இன்ஜினில் 'பம்ப் பிரஷர்' என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அங்கே இரண்டு பம்புகள், இரண்டு அழுத்தங்கள்.

முதலாவது பீட் பம்ப். டேங்கிலிருந்து டீசலை இழுத்து, பில்டர் வழியாகத் தள்ளிவிடுவது இதன் வேலை. இதன் பக்கத்திலேயே கையால் அடிக்கும் குமிழ் ஒன்று இருக்கும். சில வண்டிகளில் அதற்குப் பதில் சிறு நெம்புகோல் இருக்கும். பிஸ்டன் வகை பீட் பம்ப் தரும் அழுத்தம் பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 கிலோ வரை. உள்ளே ரப்பர் சவ்வு உள்ள டயாபிரம் வகையில் கால் கிலோ முதல் அரை கிலோ வரைதான் இருக்கும். வயலில் ஓடும் டிராக்டரின் பின் டயரில் 12 முதல் 15 பவுண்டு காற்று வைக்கிறோமே, அது ஏறக்குறைய 1 கிலோ. அவ்வளவுதான் பீட் பம்பின் பலம்.

இரண்டாவது இன்ஜெக்‌ஷன் பம்ப். பட்டறையில் எஃப்.ஐ.பி. என்பார்கள், கிராமங்களில் மைக்கோ பம்ப் என்றும் சொல்வதுண்டு. பில்டரைத் தாண்டி வரும் டீசலை, அளவு பார்த்து, நேரம் பார்த்து நாசிலுக்கு அனுப்புவது இது. பழைய வகை டிராக்டர் இன்ஜின்களில் நாசில் திறக்கவே பொதுவாக 180 முதல் 250 கிலோ வரை அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினால் கீழே குழாயில் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் 220 கிலோ என்பது 2,200 மீட்டர் உயரத் தண்ணீர். கடற்கரையிலிருந்து ஊட்டி உயரத்துக்கு ஒரு குழாயை நிறுத்தி வைத்து அதில் தண்ணீர் நிரப்பினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, அது நாசிலில் இருக்கிறது.

இந்த இரண்டில், முதல் அழுத்தத்தை நீங்களே சோதிக்கலாம். இரண்டாவதை டெஸ்ட் பெஞ்ச் உள்ள பட்டறையில்தான் சோதிக்க வேண்டும். இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோடு ஏறினால் மட்டும் ஏன் நிற்கிறது?

45 எச்.பி. டிராக்டர் ஒன்று சும்மா நிற்கும்போது மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் குடிக்கும். ரோட்டவேட்டர் ஓட்டும்போது அது 6, 7 லிட்டர் வரை போகும். பாதி அடைபட்ட பில்டர் 1 லிட்டரைத் தாராளமாக விட்டுவிடும். 7 லிட்டரை விடாது. அதனால்தான் களத்துமேட்டில் நன்றாக ஓடிய வண்டி வயலில் இறங்கியதும் திணறுகிறது. வாய்க்கால் தூர்ந்திருந்தாலும் ஒரு பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்துவிடும். நான்கு பாத்தியை ஒரே நேரத்தில் திறந்தால்தான் குறை தெரியும். அதே கதைதான் இதுவும்.

டீசல் குறைவது ஒரு பக்கம். வழியில் காற்று நுழைந்தால் இன்னும் மோசம். கிணற்று மோட்டார் ஏர் பிடித்தால் தண்ணீர் தூக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கும் அப்படித்தான். டீசலை அழுத்தினால் அது சுருங்காது, நாசிலைத் திறந்துகொண்டு பாயும். காற்றை அழுத்தினால் சுருங்கிக்கொண்டே போகும். இன்ஜெக்‌ஷன் பம்ப் முழு பலத்தோடு அடித்தாலும் நாசில் திறக்காது. பம்பில் குறையே இல்லாமல் பம்ப் போனது போலத் தெரிவது இதனால்தான்.

வீட்டிலேயே செய்யும் ஐந்து சோதனைகள்

கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள். செலவில்லாதது முதலில் வருகிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பைப் இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

1. டேங்க் மூடி: டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கு மூடியில் சிறு துளை இருக்கும். சேற்று உழவின்போது அதில் சேறு அடைத்துக்கொண்டால், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. வண்டி அரை மணி, ஒரு மணி நேரம் ஓடி நின்று, சிறிது நேரம் விட்டால் மீண்டும் ஓடுகிறதா? அடுத்த முறை நிற்கும்போது மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் குற்றவாளி மூடிதான். துளையைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது.

2. டேங்கிலிருந்து வரும் ஓட்டம்: டேங்க் உயரத்தில் உள்ள வண்டிகளில், பீட் பம்புக்குள் நுழையும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். திறப்பான் திறந்த நிலையில் டீசல் தடையில்லாமல் ஒரே தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேங்க் அடியிலுள்ள சல்லடையிலோ, பைப்பிலோ அடைப்பு. ரப்பர் பைப் உள்பக்கம் உரிந்து வழியை மறைப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது.

3. தண்ணீர்க் கிண்ணம்: பில்டருக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தனியாக நிற்பது தண்ணீர். கறுப்பு வண்டல், துருத்துகள் இருந்தால் டேங்கையே ஒரு முறை கழுவ வேண்டும்.

4. பீட் பம்பின் தள்ளு: பீட் பம்பிலிருந்து பில்டருக்குப் போகும் பைப்பைப் பில்டர் பக்கம் கழற்றிப் பாட்டிலுக்குள் விடுங்கள். கைப் பம்பை அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் டீசல் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். அடுத்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் ஸ்டார்ட்டரை 10 விநாடிக்கு மேல் போகாமல் சுழற்றட்டும். விட்டுவிட்டு, ஒரே சீராகப் பீய்ச்சினால் பீட் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. கையால் அடித்தால் வருகிறது, ஸ்டார்ட்டரில் வரவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங், பிஸ்டன், வால்வு ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கிறது. இது முழு இன்ஜெக்‌ஷன் பம்பையும் பிரிக்கும் வேலை அல்ல. பீட் பம்பை மட்டும் தனியாகக் கழற்றிச் சரிசெய்யலாம்.

5. காற்றுக் குமிழி: டேங்க் தாழ்வாக உள்ள வண்டிகளில் பீட் பம்புக்கு முன்னாலுள்ள இணைப்பு தளர்ந்தால் வெளியே டீசல் கசியாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குச் சிக்காது. டீசலுக்குத் தாங்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பைப்பை ஒரு அடி நீளம் வெட்டி, பீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாகப் பொருத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் ஓடினால் டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவே காற்று நுழைகிறது. வாஷர்களை மாற்றுங்கள். பழைய காப்பர் வாஷரை மீண்டும் மீண்டும் போட்டு முறுக்குவதால்தான் பாதிக் கசிவுகள் வருகின்றன.

கேஜ் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்

மேற்சொன்ன ஐந்திலும் பிடிபடவில்லை என்றால் அழுத்தமானி வைத்துப் பார்க்க வேண்டும். 0 முதல் 4 கிலோ வரை காட்டும் சிறிய கேஜ், டி வடிவ இணைப்பு, சிறிது நீளம் டீசல் பைப் இருந்தால் போதும். நான்கைந்து டிராக்டர்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். உங்கள் மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். பைப் சைலன்சர் மீதோ பேன் பக்கமோ படக் கூடாது. வண்டியை நகர்த்தாமல், நியூட்ரலில் நிறுத்தியே பார்க்க வேண்டும்.

முதலில் பீட் பம்புக்கும் பில்டருக்கும் நடுவே கேஜைப் பொருத்துங்கள். ஐட்லிங்கில் ஒரு முறை, ஆக்சிலரேட்டரை முழுதாகக் கொடுத்து ஒரு முறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பில்டரைத் தாண்டி, இன்ஜெக்‌ஷன் பம்புக்கு முன்னால் பொருத்தி அதே மாதிரி பாருங்கள். சரியான அளவு எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும். கிடைத்த அளவுகளை இப்படிப் படிக்கலாம்.

* பில்டருக்கு முன் நன்றாக இருக்கிறது, பின் குறைகிறது: பில்டர் அடைத்திருக்கிறது. மாற்றுங்கள்.

* முன்னும் குறைவு, பின்னும் குறைவு: பீட் பம்ப், அதற்கு முந்தைய வழி, அல்லது மிச்ச டீசலைத் திருப்பிவிடும் ஓவர்ப்ளோ வால்வு. இந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ தூசி சிக்கித் திறந்தபடி நின்றாலோ அழுத்தம் நிற்காது. மடையில் ஓட்டை இருந்தால் வாய்க்காலில் தண்ணீர் மட்டம் ஏறாதல்லவா, அதுபோல. பீட் பம்பைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

* முள் நிற்காமல் துடிக்கிறது, டீசலில் குமிழியும் தெரிகிறது: காற்று நுழைகிறது.

* முன்னும் பின்னும் கையேட்டில் உள்ள அளவு இருக்கிறது, ஆனாலும் இழுவை இல்லை: இப்போது இன்ஜெக்‌ஷன் பம்பையும் நாசிலையும் சந்தேகப்படலாம். அதற்கு முன் ஏர் கிளீனரைப் பார்த்துவிடுங்கள். கரும்புகையோடு இழுவை குறைந்தால் டீசல் பற்றாக்குறை அல்ல, காற்றுப் பற்றாக்குறையாகவும் இருக்கலாம்.

ஏர் எடுக்கும் முறை

பைப்பையோ பில்டரையோ கழற்றினாலே காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் இறங்கும். பழைய வகை இன்ஜினில் ஏர் எடுக்கும் வரிசை இது: டேங்கில் போதுமான டீசல் இருக்கட்டும். பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். நுரை போய், குமிழியில்லாத டீசல் வந்ததும், அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள். இரண்டு பில்டர் இருந்தால் முதல் பில்டர், பிறகு இரண்டாவது. அதன்பின் இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஏர் ஸ்குரூ. பெரும்பாலும் இதோடு வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். கடைசியில் கைப் பம்பின் குமிழை அழுத்தித் திருகிப் பூட்ட மறக்காதீர்கள். தளர்ந்த குமிழ் வழியாகவே மறுபடியும் காற்று புகும்.

புது பில்டர் போடும்போது, கேனில் இருக்கும் டீசலை அதற்குள் ஊற்றி மாட்டுவதைத் தவிர்க்கலாம். இன்ஜெக்‌ஷன் பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு. தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. வடிகட்டாத டீசலில் வரும் தூசி அந்த இடத்தைக் கீறிவிடும். பம்ப் உண்மையிலேயே 'போவது' இப்படித்தான்.

இந்த இடத்தில் கையை நீட்டாதீர்கள்

இன்ஜெக்‌ஷன் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்புகளில் கசிவு இருந்தால், இன்ஜின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கழற்றிய நாசில் எப்படித் தெளிக்கிறது என்று உள்ளங்கையை முன்னால் பிடித்துப் பார்ப்பதும் நடக்கிறது. இரண்டும் ஆபத்து. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே திசு அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும்.

அப்படி நடந்துவிட்டால் மஞ்சள் பற்று, சுண்ணாம்பு, வெந்நீர் ஒத்தடம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். 'சின்னக் காயம்' என்று சொல்லாமல், 'அதிக அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போய்விட்டது' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட வேண்டுமானால் ஒரு அட்டையை நீளக் குச்சியில் கட்டிப் பைப் அருகே காட்டுங்கள். அட்டை நனைந்தால் கசிவு அங்கே.

பம்ப் பட்டறைக்குப் போனால் என்ன கேட்க வேண்டும்?

நாசிலைக் கைநெம்பு டெஸ்டரில் மாட்டி உங்கள் கண்முன் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றைக் கவனியுங்கள்: கேஜில் எந்த அளவில் திறக்கிறது, பனிபோல் சீராகத் தெளிக்கிறதா, அடித்து முடித்ததும் நுனியில் சொட்டாமல் நிற்கிறதா. இன்ஜெக்‌ஷன் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் கண்ணாடிக் குழாய்களில் நிரம்பும். அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குத் தயங்கமாட்டார்.

2,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு நாசிலும் நிமிடத்துக்கு 1,000 முறை தெளிக்கிறது. ஒரு முறைக்குப் போவது ஏறக்குறைய ஒரு சொட்டு டீசல். இத்தனை நுணுக்கமான கருவியை மரத்தடியில் பிரித்துப் பூட்டுவது சரிப்படாது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: என் டிராக்டரில் இன்ஜின் ஆயில் குறைவதற்குப் பதிலாக அளவு கூடிக்கொண்டே போகிறது. இது நல்லதா, கெட்டதா?

பதில்: கெட்டது. வண்டியை உடனே நிறுத்துங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஆயில் நீர்த்திருந்தால் டீசல் ஆயிலில் கலக்கிறது. டயாபிரம் வகை பீட் பம்பாக இருந்தால் சவ்வு கிழிந்திருக்கலாம். இன்ஜெக்‌ஷன் பம்பின் சீல் தேய்ந்தாலும், நாசில் சொட்டினாலும் இப்படி ஆகும். பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள். நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் போய்விடும். வாடை இல்லாமல் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அது தண்ணீர்க் கலப்பு. அது வேறு பழுது.

கேள்வி: காலையில் எவ்வளவு சுழற்றினாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. கைப் பம்பைப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பகல் முழுதும் தொந்தரவில்லை. ஏன்?

பதில்: இரவில் டீசல் பைப்பிலிருந்து டேங்குக்கே திரும்பிவிடுகிறது. கிணற்று மோட்டாரில் புட்வால்வு பிடிக்காவிட்டால் காலையில் மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதல்லவா, அதே குறைதான். பீட் பம்புக்குள் உள்ள வால்வுகளில் தூசி சிக்கியிருக்கலாம். அல்லது ஏதோ ஒரு இணைப்பில் காற்று நுழைகிறது. வாஷர்களை மாற்றி, பீட் பம்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: நாசில் பிரஷரைக் கூட்டி வைத்தால் இழுவை கூடும் என்கிறார்கள். கூட்டலாமா?

பதில்: கூடாது. கம்பெனி சொன்ன அளவைவிடக் கூட்டினால் நாசில் தாமதமாகத் திறக்கும், டைமிங் மாறும், பம்புக்கும் பைப்புக்கும் சுமை ஏறும். குறைத்து வைத்தால் டீசல் சரியாகத் தூளாகாமல் கரும்புகை வரும். கையேட்டில் உள்ள அளவே சரியான அளவு.

கேள்வி: பவர் டில்லரில் பீட் பம்பே இல்லையே. அதற்கு எப்படிப் பார்ப்பது?

பதில்: டேங்க் மேலே இருப்பதால் டீசல் தன் எடையாலேயே இறங்குகிறது. அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் டீசலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோவில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அழுத்தம்தான் தேறும். அதனால் சிறு அடைப்பும் அதை நிறுத்திவிடும். கேஜ் தேவையில்லை. மூடித் துளை, திறப்பான், பில்டர் மூன்றையும் சுத்தமாக வைத்து, இன்ஜெக்‌ஷன் பம்புக்கு வரும் பைப்பில் தாராளமாக டீசல் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

கேள்வி: சமீபத்தில் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர் வாங்கினேன். பழைய வண்டி மாதிரி நானே பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதற்காக வந்த புது மாடல்களில் காமன் ரெயில் முறை இருக்கிறது. அதில் பைப்புக்குள் அழுத்தம் ஆயிரம் கிலோவைத் தாண்டும். இன்ஜின் ஓடும்போது நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. அணைத்த உடனேயும் தொடக் கூடாது. தண்ணீர் வடிப்பது, கையேட்டில் சொன்ன மணிநேரத்துக்கு ஒருமுறை பில்டர் மாற்றுவது இவற்றோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை டீலர் பட்டறையில் சென்சார் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பருவத்துக்கு முன் ஒரு நாள்

இந்தச் சோதனைகள் எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலைதான். மழைக்கு முன், வண்டி சும்மா நிற்கும் ஒரு நாளில் செய்துவிடுங்கள். வேலை முடிந்து மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் இருந்தால் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீராகும். கேனிலிருந்து ஊற்றும்போது சல்லடை வைத்து ஊற்றுங்கள். கேனின் அடியில் தங்கும் கடைசிக் கால் லிட்டரை ஊற்றாதீர்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பில்டர் மாற்றிய தேதி, மீட்டர் மணி, கேஜ் காட்டிய அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது 'பம்ப் போச்சு' என்று சொன்னால், அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு, 'பீட் பம்ப் பிரஷர் எவ்வளவு காட்டுது, பார்த்துச் சொல்லுங்க' என்று கேளுங்கள்.